பத்து மதிப்பெண் வலி: பிசியோதெரபி பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், தமிழ்நாட்டின் பிசியோதெரபி கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பிசியோதெரபி ஓ.பி.யில் ஒரு நாள் காலை முழுக்க உட்கார்ந்து கவனித்தால், உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் சொல் 'வலி'தான். இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் வலி, கை தூக்க முடியாத தோள் வலி, சர்க்கரை நோயால் பாத எரிச்சல். காலமெல்லாம் இவர்களைப் பார்க்கப்போகும் மாணவருக்கு வலியைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? பெரும்பாலான இடங்களில் எலெக்ட்ரோதெரபி (மின்கருவிச் சிகிச்சை) வகுப்பில், தோல் வழியாக மின்துடிப்பு கொடுத்து வலியைக் குறைக்கும் டென்ஸ் கருவிக்கு முன்னுரையாக ஒரு மணி நேரம். தேர்வில் 'பெயின் கேட் தியரியை விவரிக்க' என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. எஸ்.ஜி., டி செல் என்று முதுகுத் தண்டு செல்களுக்கு இரண்டு வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. வலியும் அத்தோடு முடிந்துவிடுகிறது.

வலிச் செய்தி மூளைக்குப் போகுமுன் முதுகுத் தண்டில் ஒரு 'வாசல்' அதைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் வெளியிட்ட அந்தக் கோட்பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. முதுகுத் தண்டு வெறும் கம்பி அல்ல, வருகிற செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் இடம் என்று காட்டியது அதுதான். ஆனால் அவர்கள் வரைந்த படத்தில் மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டுப்பாட்டுக்கும் ஓர் அம்புக்குறி இருந்தது. நம் மாணவர்களின் விடைத்தாள்களில் அந்த அம்புக்குறியைத்தான் பெரும்பாலும் காணோம். பயம், கவனம், எதிர்பார்ப்பு, தூக்கமின்மை எல்லாம் வலியை எப்படி மாற்றுகின்றன என்ற கேள்விக்கான வாசல் அதுவே.

1965க்குப் பிறகு நடந்தவையும் வகுப்பறைக்குள் முழுதாக வரவில்லை. அடிபட்ட பிறகு முதுகுத் தண்டு செல்களே அதிக உணர்திறன் பெற்றுக் கூர்மையாகிவிடுகின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் உல்ஃப் 1983இல் காட்டினார். சென்ட்ரல் சென்சிடைசேஷன் என்று இன்று சொல்வது அதைத்தான். திசுக் காயத்தால் வருவது, நரம்புப் பாதிப்பால் வருவது என்ற இரண்டு வகைகளோடு, இவ்விரண்டும் தெளிவாக இல்லாமல் வலியை உணரும் அமைப்பே மாறுவதால் வரும் நோசிபிளாஸ்டிக் என்ற மூன்றாவது வகையை சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017இல் ஏற்றுக்கொண்டது. அதே சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் திருத்தியது. வலி என்பது திசுச் சேதத்தோடு சேர்ந்த, அல்லது அதுபோலவே இருக்கிற, விரும்பத்தகாத புலன் அனுபவமும் உணர்ச்சி அனுபவமும் என்பது அதன் சாரம். கூடவே வரும் ஆறு குறிப்புகளில் இரண்டை ஒவ்வொரு கல்லூரிச் சுவரிலும் எழுதிவைக்கலாம். நோசிசெப்ஷனும் (ஆபத்துச் செய்தியை நரம்புகள் கடத்துவது) வலியும் ஒன்றல்ல. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும். 2022 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11இல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்கப்பட்ட நாள்பட்ட வலி, தன்னளவிலேயே நோயாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட பிறகும், நாம் இன்னும் ஒரு மணி நேரத்தில் நிற்கிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. வலியை எலெக்ட்ரோதெரபியின் முன்னுரை என்ற இடத்திலிருந்து எடுத்து, முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை ஓடும் தனிப் பாடமாக்குங்கள். அதைச் செய்முறைத் தேர்வில் சோதியுங்கள். முதலாண்டில் 6 மணி, இரண்டாம் ஆண்டில் 8, மூன்றாம் ஆண்டில் 10, இறுதியாண்டில் 8 என்று 32 மணி நேரம் போதும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் பிசியோதெரபிக்கென்றே ஒரு பாடச் சட்டகம் வைத்திருக்கிறது. வலியின் பன்முகத் தன்மை, மதிப்பீடு, சிகிச்சை, நோய்நிலைகள் என்று அதில் நான்கு பகுதிகள். அதையே எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாம். சதையும் ரத்தமும் மட்டும் நம் ஊருடையதாக இருக்கட்டும்.

முதலாண்டில் நரம்பு வேகத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதில் கணக்குப் போடச் சொல்லுங்கள். பாதத்திலிருந்து முதுகுத் தண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஏ-டெல்டா என்னும் வேகமான வலி நார் நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் 0.05 நொடியில் செய்தி போய்ச் சேரும். சி என்னும் மெதுவான வலி நார் நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் ஒரு முழு நொடி ஆகும். கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டவருக்கு இது தெரியும். முதலில் 'சுரீர்', சற்றுப் பொறுத்து 'விண்விண்'. மாணவர் இதை ஒருமுறை கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டால், பிறகு நோயாளி சொல்லும் சொல்லிலேயே நாரின் வகை அவர் காதில் விழத் தொடங்கும்.

இரண்டாம் ஆண்டுக்கு மூன்று செய்முறைகளைப் பரிந்துரைக்கிறோம். செலவு அதிகமில்லை. மூன்றுக்கும் முன்பாக மாணவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும்; எந்த நொடியிலும் கையை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும்.

முதலாவது, 1896இல் துன்பர்க் என்பவர் கண்டறிந்த வெப்பக் கம்பி மாயை. ஏ.சி. மெக்கானிக்கிடம் கிடைக்கும் அரை அங்குலச் செம்புக் குழாயை ஓரடித் துண்டுகளாக ஆறு அல்லது எட்டு வெட்டி, ஒன்றையொன்று தொடாமலும் இடைவெளி அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமலும் வரிசையாக அடுக்குங்கள். ஒன்று விட்டு ஒன்றில் 40 டிகிரி வெந்நீர், மற்றவற்றில் 20 டிகிரி குளிர்ந்த நீர். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்காது, ஐஸ் கலந்தே ஆக வேண்டும். முதலில் வெந்நீர்க் குழாய்களை மட்டும் தொடச் சொல்லுங்கள்: இதமான சூடு. அடுத்து குளிர்ந்தவற்றை மட்டும்: சாதாரணக் குளிர்ச்சி. பிறகு இரண்டும் மாறி மாறி இருக்கும் வரிசையின் மேல் உள்ளங்கையைப் பத்து நொடி வைக்கச் சொல்லுங்கள். பலர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்வார்கள். தோலைச் சுடும் வெப்பம் அங்கே எங்குமில்லை. குளிர்ச்சியைச் சொல்லும் நார்கள் சாதாரணமாக வலிப் பாதையை அடக்கி வைத்திருக்கின்றன, சூடு அந்தக் குளிர்ச் செய்தியைக் குறைத்துவிடுவதால் அடக்கம் தளர்ந்து எரிச்சல் வெளிவருகிறது என்பது இதற்கான முக்கிய விளக்கம். சேதமில்லாமலும் வலி உண்மையாக இருக்க முடியும் என்பதைப் பத்து ஸ்லைடு போட்டுச் சொல்வதைவிட இந்தப் பத்து நொடி நன்றாகச் சொல்லும். தவறுவது இரண்டு இடத்தில். வெந்நீர் சில நிமிடங்களில் ஆறிவிடும், ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் முன் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஆறுகிறதே என்று அதிகச் சூடாக ஊற்றிவிடாதீர்கள், 42 டிகிரிக்கு மேல் போனால் அது மாயை அல்ல, நிஜமான சூடு. சிலருக்கு எரிச்சலே தெரியாது. அவர்களிடம் 'சரியாகக் கை வை' என்று அதட்ட வேண்டாம். ஒரே தூண்டல் ஆளுக்கு ஆள் வேறாகிறது என்பதும் அன்றைய பாடம்தான்.

இரண்டாவது, டெம்போரல் சம்மேஷன்: ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது வலி கூடுவது. மழுங்கிய முனையுள்ள 256 மில்லிநியூட்டன் பின்பிரிக் கருவியால் (ஊசிக் குத்து உணர்வைச் சோதிப்பது) முன்கையில் ஒரு முறை தொட்டு, 0 முதல் 100க்குள் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் நொடிக்கு ஒன்றாகப் பத்து முறை தொட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். விசை மாறவில்லை, எண் ஏறுகிறது. நொடிக்கு ஒன்று என்ற தாளம் தவறினால் முடிவும் தவறும், ஆகவே மெட்ரோனோம் செயலி அவசியம்.

மூன்றாவது, வலியை வலி அடக்குவது. அழுத்த வலியை அளக்கும் அல்கோமீட்டரின் ஒரு சதுர சென்டிமீட்டர் முனையால் முன்கையில் அழுத்த வலி தொடங்கும் அளவை எடுங்கள். மறு கையை 10 முதல் 12 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் வைக்கச் சொல்லி மறுபடி எடுங்கள். பலருக்கு அளவு உயரும், சிலருக்கு மாறாது, ஓரிருவருக்குக் குறையும். இதய நோய், குளிரில் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறையும் ரேனாட் பிரச்சினை, கையில் புண் உள்ளவர்கள் இதில் வேண்டாம். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் கையைச் சுற்றி ஒரு வெதுவெதுப்பான படலம் உருவாகி முடிவு கெடும். அல்கோமீட்டரைச் சாய்த்துப் பிடிப்பதும் வேகமாக அழுத்துவதும் மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழைகள். வேகமாக அழுத்தினால் எதிரில் இருப்பவர் 'போதும்' என்று சொல்வதற்குள் முள் ஏறிவிடும். நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒரு டிஜிட்டல் தராசின் மேல் நொடிக்கு ஒரு கிலோ வீதம் ஐந்து நொடி அழுத்திப் பழகட்டும்.

இனி நாங்கள் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது: மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளி தமிழில் பேசுகிறார். இடையில் எத்தனையோ விழுந்துவிடுகின்றன. 'குத்துது, குடையுது, கடுக்குது, காந்துது, எரியுது, இழுக்குது, மதமதன்னு இருக்கு, பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு, கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது' என்று ஒருவர் இவ்வளவு நுட்பமாகச் சொல்ல, கேஸ் ஷீட்டில் 'பெயின் பிளஸ்' என்று ஒரே வார்த்தை ஏறுகிறது. நரம்புவலியைக் கண்டுபிடிக்க உதவும் டி.என்.4 கருவியில் ஏழு கேள்வி, மூன்று சோதனை, பத்துக்கு நான்கு வந்தால் நரம்புப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். எரிச்சல், வலிக்கும் குளிர்ச்சி, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கூச்சம், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், அரிப்பு ஆகியவைதான் அந்த ஏழும். நோயாளி கேட்காமலேயே சொன்னது இதுதானே!

சில சொற்கள் ஏமாற்றும். பேச்சுத் தமிழில் 'நரம்பு' என்றால் நெர்வும் உண்டு, வெயினும் உண்டு, டெண்டனும் (தசைநாண்) உண்டு. 'கால்ல நரம்பு புடைச்சிருக்கு' என்பவருக்கு வெரிகோஸ் வெயின். 'குதிகால் நரம்பு இழுக்குது' என்பவர் அக்கிலிஸ் டெண்டனைக் காட்டுவார். 'ஜவ்வு' என்பது லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்), மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு), டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலான தட்டு), கார்ட்டிலேஜ் (குருத்தெலும்பு) எல்லாவற்றுக்கும் பொது. 'மரத்துப்போச்சு' என்றால் சிலருக்கு உணர்ச்சியே இல்லை, சிலருக்குக் கூச்சம். பஞ்சும் பின்னும் வைத்துப் பார்க்காமல் தீர்மானிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி என்றால் தொடுவுணர்வைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையும் அதிர்வுணர்வைச் சோதிக்கும் 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கும் சேர வேண்டும். 'எந்த நரம்பு, விரலால் தொட்டுக் காட்டுங்க' என்று கேட்கும் பழக்கத்தை மூன்றாம் ஆண்டிலேயே கொண்டுவந்துவிடுங்கள். 'எல்லாம் வாயு' என்பவரைப் பார்த்துச் சிரிக்கிற மாணவர், அவருடைய நம்பிக்கையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இழக்கிறார். 'இந்த வலி எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?', 'இதுக்கு முன்னாடி பார்த்தவங்க என்ன சொன்னாங்க?', 'வலியால எந்த வேலையை விட்டுட்டீங்க?', 'குனிஞ்சா என்ன ஆகிடும்னு பயமா இருக்கு?', 'ராத்திரி தூக்கம் எப்படி?' என்ற ஐந்து கேள்விகளும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் அச்சிலேயே இருக்கட்டும்.

நாம் திருப்பிச் சொல்லும் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. 'எலும்பு தேஞ்சுபோச்சு', 'டிஸ்க் நகர்ந்துடுச்சு', 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு', 'நரம்பு நசுங்கியிருக்கு', 'இனிமே குனியவே கூடாது.' ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறோம், அவர் அதை ஆயுள் முழுதும் சுமக்கிறார். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுத் தண்டுப் படங்களை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம் பேருக்கு, 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு இருந்தது. டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் சற்றே பிதுங்கியிருப்பது, 20 வயதிலேயே 30 சதவீதம். இந்த எண்களை ஒவ்வொரு மாணவரும் கைவிரலில் வைத்திருக்க வேண்டும். 'தேய்மானம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வயசோட வர்ற மாற்றம், தலை நரைக்கிற மாதிரி' என்று சொல்லப் பழகட்டும்.

நாள்பட்ட இடுப்பு வலியுள்ள ஓர் அம்மாவுக்கு, சோதனை முடிந்து ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, இப்படிச் சொல்லலாம்: 'அம்மா, உங்க வலி நிஜம். நீங்க கற்பனை பண்ணலை. எட்டு மாசத்துக்கு முன்னாடி பட்ட அடி ஆறியிருக்கு. ஆனா உடம்போட காவல் இன்னும் குறையலை. ஒரு தடவை திருடன் வந்துபோன வீட்டு நாய், அப்புறம் இலை அசைஞ்சாலும் குரைக்கும். குரைக்கறது நிஜம்மா, ஆனா திருடன் இல்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். முதுகு குனியறதுக்குன்னே அமைஞ்சதும்மா.' பிறகு, 'நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது, ஒரு தடவை சொல்லுங்கம்மா' என்று கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான விளக்கங்கள் வீணாகின்றன.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழியை இந்த இடத்தில் யாரும் சொல்லிவிட வேண்டாம். பொருள் ஏறக்குறைய பொருந்தும், ஆனால் பழி நோயாளி மேல் விழும். வலி அறிவியலை அரைகுறையாகக் கற்பிப்பதன் பெரிய கேடு இதுதான். 'வலி மூளையில் உருவாகிறது' என்று ஒரே வகுப்பில் கேட்டுவிட்டுப் போகிற மாணவர், ஓ.பி.யில் அதை 'உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்' என்று மொழிபெயர்க்கிறார். அந்த அம்மா மறுபடி வருவதில்லை. அரைப் பாடம் நடத்துவதைவிட நடத்தாமலிருப்பதே மேல் என்று தோன்றும் அளவுக்கு இது நடக்கிறது.

இன்னொரு கேடு எதிர்ப் பக்கம். எல்லாவற்றையும் சென்சிடைசேஷன் என்று நினைத்து ஆபத்து அறிகுறியைத் தவறவிடுவது. சிறுநீர் அடைப்பு, பிறப்புறுப்பைச் சுற்றி மரப்பு, இரண்டு காலிலும் பலவீனம் என்றால் காடா ஈக்வைனா (முதுகுத் தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவது). அன்றே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை, படுத்தாலும் குறையாத முதுகு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். மேலைநாட்டுப் பாடநூல்களின் பட்டியலில் காசநோய் எங்கோ கடைசியில் வரும். நம் பட்டியலில் அது மேலே இருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. நோயாளிகள் 'கரண்ட் வெச்சுவிடுங்க' என்று கேட்டு வருகிறார்கள், நாமும் வைத்துவிடுகிறோம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸ், அல்ட்ராசவுண்ட், ட்ராக்‌ஷன் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் டிசம்பர் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. கல்வி, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் உளவியல் சிகிச்சை என்று அது பரிந்துரைக்கிறது. இந்த இரண்டு பட்டியலையும் எலெக்ட்ரோதெரபி பாடத்தின் முதல் வகுப்பிலேயே படிக்க வையுங்கள்.

விளக்கம் மட்டும் தனியாக வலியைப் பெரிதாகக் குறைக்காது. அசைவோடு சேரும்போதுதான் பலன். ஆகவே இறுதியாண்டில் சுமையைப் படிப்படியாக ஏற்றக் கற்றுக்கொடுங்கள், நம் ஊர்ப் பொருட்களை வைத்து. குடம் தூக்கப் பயப்படுகிறவரை மூன்று நாள் தன்னால் முடிந்த அளவைக் குறிக்கச் சொல்லி, சராசரி எடுத்து, அதில் 80 சதவீதத்தில் தொடங்குவது நல்ல வழி. ஐந்து லிட்டர் சராசரி என்றால் நான்கு லிட்டர், அதுவும் முக்காலி உயரத்திலிருந்து, காலை மாலை ஐந்து முறை. வலி பத்துக்கு இரண்டு புள்ளி வரை கூடி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம், சில நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் ஏற்றலாம். வராவிட்டால் ஒரு படி இறங்கலாம், நிறுத்தத் தேவையில்லை. நல்ல நாளில் அடித்துப்பிடித்து எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. 'இன்னைக்கு நல்லா இருந்தாலும் நாலு லிட்டர்தான்' என்று எழுதியே கொடுக்க வேண்டும். 'ஓய்வெடுங்க' என்ற அறிவுரை தினக்கூலிக்குப் போகிறவருக்கு அறிவுரையே இல்லை. அவர் வேலைக்குள்ளேயே எதை மாற்றலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் சிகிச்சையில் சேர்ந்தது.

தேர்வில் வராததை மாணவர் படிக்க மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் 15 நிமிடத்துக்கு வலிக்கென ஒரு தேர்வு நிலையம், 20 மதிப்பெண். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், பேச்சு முழுக்கத் தமிழில். வலி வரலாறு கேட்பதற்கு 6, நரம்பா திசுவா என்று பிரிக்கும் சோதனைக்கு 5, ஆபத்து அறிகுறிகளுக்கு 3, புரியும்படி விளக்கி, புரிந்ததா என்று திருப்பிக் கேட்பதற்கு 4, தொடக்கச் சுமையை எண்ணாகச் சொல்வதற்கு 2. 'எல்லாம் மனசுதான்' என்றோ 'எலும்பு தேஞ்சுபோச்சு' என்றோ சொன்னால் விளக்கத்துக்குரிய நான்கும் கிடையாது. மாணவர்களின் அறிவு கூடியிருக்கிறதா என்று பார்க்க, வலி நரம்பியல் பற்றிய 12 கேள்விகள் கொண்ட திருத்தப்பட்ட வினாத்தாள் ஒன்று இருக்கிறது. முதலாண்டுத் தொடக்கத்திலும் இறுதியாண்டு முடிவிலும் கொடுங்கள். ஆசிரியர்களும் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

'கேட் தியரியை விவரிக்க' என்ற கேள்வியும் இருக்கட்டும். அதோடு ஒரு வரி மட்டும் சேர்க்கக் கேட்கிறோம்: 'படத்தில் மூளையிலிருந்து இறங்கும் அம்புக்குறியை வரைந்து, உங்கள் வார்டில் பார்த்த ஒரு நோயாளியை வைத்து அதை விளக்குக.'

இப்படிக்கு,
வலி சிகிச்சையிலும் பிசியோதெரபி கற்பித்தலிலும் ஈடுபட்டுள்ளோர் சிலர்